சவுக்குத் தோப்பின் சைக்கிள் வழி

பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் வரையப்பட்டிருந்த எங்கள் ஊர்தான், அண்ணியை நினைக்கும்போதெல்லாம் முதலில் என் கண்முன் எழுகிறது. கோயில் ஒரு சதுரமாகவும், ஏரி ஒரு வளைவாகவும், கடல் நீண்டதொரு நெளிகோடாகவும் கிடந்தன. நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலை இரட்டைக் கோடாக ஓடியது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த வெள்ளை ஊருக்குள் அண்ணி நடந்தார். ஊரே அவருடைய பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் இறுதியில், வெயில் தாழ்ந்த ஒரு மாலை நேரம் அது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் போகும் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். நான் கல்பாக்கம் குடியிருப்பில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களை இயக்கிவந்தேன். என் அண்ணன் காமாலையில் இறந்தபின், கைம்பெண்களுக்கான முன்னுரிமையில் அண்ணிக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. வேலை கிடைத்த பள்ளிக்கூடமோ எங்கள் ஊரில் இல்லை, தெற்கே வேறோர் ஊரில் இருந்தது. அரிசி இருந்த அறையின் சாவி அவரிடம்தான் இருக்கும். அவர் போய்த் திறந்தால்தான் அடுப்பு எரியும். காலையில் வரும் பேருந்து, நிறைந்துவிட்டால் எங்கள் நிறுத்தத்தில் நிற்காது. ஆகவே முப்பது வயதுக்கு மேல் அவர் சைக்கிள் பழகினார். அடிபடப்போகிறீர்கள் என்று நான் தடுத்தபோது, "வுழுந்தா இன்னா தம்பி? கடல்லயா வுழப்போறேன், மண்ணுலதான வுழுவேன்" என்று சிரித்தார். அந்தச் சைக்கிள் அவருக்கு வேலையை மட்டும் தரவில்லை. யாருடைய வீட்டு அடுக்களையிலும் ஒதுங்கிக் கிடக்க வேண்டியதில்லை என்ற நிமிர்வையும் தந்தது.

அவர் சாலை வழியே போவதில்லை. சாலைக்கும் கடலுக்கும் இடையே பெரியதொரு சவுக்குத் தோப்பு இருந்தது. அதன் ஊடே ஒற்றையடிப் பாதை ஒன்று போகும். உதிர்ந்த சவுக்கிலைகள் மெத்தைபோல் படிந்து கிடப்பதால் சக்கரத்தின் ஓசைகூடக் கேளாது. தோப்பின் சொந்தக்காரரை எங்களில் எவரும் கண்டதில்லை; சென்னையில் இருக்கிறார் என்று மட்டும் தெரியும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மரங்களை வெட்டி, மறுபடி கன்று வைப்பார்கள். அப்போது குத்தகைக்காரரின் ஆட்கள், அந்தப் பாதை போகும் ஒரு வரிசையில் மட்டும் கன்று நடாமல் விட்டுவிடுவார்கள். யாரும் அவர்களைக் கேட்டதில்லை. அவர்களும் கொடுத்ததாகச் சொன்னதில்லை. அந்த ஒரு வரிசை வெற்றிடத்தில்தான் எங்கள் ஊரின் பெண்களும், மீன்காரர்களும், ஷிப்டுக்குப் போகும் என்னைப் போன்றோரும் ஆண்டுக்கணக்கில் அச்சமின்றிப் போய்வந்தோம். வாயால் பேசப்படாததனாலேயே அந்தப் பாதை உயிரோடு இருந்தது என்பது அன்று எங்களில் எவருக்கும் விளங்கவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானது. கார்கள் பறந்தன. சைக்கிளில் போனோர் சிலர் அடிபட்ட பிறகு, மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம்வரை சைக்கிளுக்கெனத் தனிவழி அமைக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. மக்களைக் கேட்டே வரையவேண்டும் என்று உறுதியாயிருந்த இளம் அலுவலர் ஒருவர் அதற்காக எங்கள் ஊருக்கு வந்தார். அவர் விரித்த நீலநிற வரைபடத்தின் முன் ஊரார் கைகட்டி நின்றார்களேயன்றி ஒரு சொல்லும் பேசவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு விழாவில் மிஞ்சிய சுண்ணாம்பு மூட்டை அவர் கண்ணில் பட்டது. ஊரைத் தரையில் வரையுங்கள், நீங்கள் போகும் வழியில் நடந்து காட்டுங்கள் என்றார். கோலம் போட்டுப் பழகிய பெண்கள் பத்தே நிமிடத்தில் ஊரை வரைந்துவிட்டனர்.

ஆனால் நடக்கச் சொன்னபோது ஒரு விந்தை நிகழ்ந்தது. முன்வந்த ஆண்கள் அனைவரும் இரட்டைக் கோட்டுக்குள், பெருஞ்சாலையிலேயே, பள்ளிப் பிள்ளைகளைப்போல் ஓரமாக நடந்து காட்டினார்கள். அரசாங்கத்தின் முன் நிற்கும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வதில்லையா, அதுபோல வழியையும் ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்று அவர்கள் எண்ணினார்கள் போலும். நானும் அவ்வாறே நடந்தேன். கூட்டத்தில் நின்ற மீன்காரர் ஒருவர்தான் பொறுக்கமாட்டாமல் கத்தினார்:

"யோவ் பம்புகாரு, இன்னா ரோட்டு மேல ஊர்கோலம் போற? டெய்லி தோப்புலதான எம்மேல இடிச்சிகினு போற!"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் அண்ணி இறங்கி நடந்தார். எங்கள் தெருவில் தொடங்கி, சாலையைக் குறுக்கே கடந்து, வெறுந்தரையாக விடப்பட்டிருந்த தோப்புக்குள் புகுந்து, வளைய வேண்டிய இடத்தில் வளைந்து, பள்ளிக்கூடம் என்று வைத்திருந்த செங்கல்லின் அருகே நின்றார். "நான் இப்பிடித்தான் சார் போறேன். ரோட்டுல போனா ஒருநாள் பொணமாத்தான் வருவேன். இதுல ஒரு வெளக்கு, மழைத்தண்ணி நிக்காம கொஞ்சம் மண்ணு, அது போதும்" என்றார். அவருடைய காலடியைத் தொடர்ந்து ஊரே தோப்புக்குள் நடந்தது. மீன்காரர்தான் முதலில் நடந்தவர். அலுவலர் அந்தத் தடத்தின்மேல் சுண்ணாம்பை நிறைத்துக் கோடாக்கினார். "உங்க வழியத்தாம்மா போடப்போறோம்" என்றார். அன்றிரவு அண்ணி உண்ணும்போதும் அதையே பேசிக்கொண்டிருந்தார்.

வரைபடம் தயாராகி, ஆட்சேபம் இருப்போர் தெரிவிக்கலாம் என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டது. அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு கார் வந்தது. நிலத்தின் நடுவே பொதுவழி என்று ஒரு கோடு விழுந்துவிட்டால் நிலத்தின் மதிப்பு என்னாகும் என்பதை வந்தவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். ஒரு வாரத்தில் தோப்பைச் சுற்றி முள்வேலி வந்தது. பின் மதில் எழுந்தது. மரங்களை வெட்டினார்கள், இம்முறை கன்று நடவில்லை, மனைக்கல் நட்டார்கள். அந்த இளம் அலுவலர் ஒருமுறை வந்து மதிலின் முன் நின்றார். "என் கையில இல்லீங்கம்மா" என்றார். அதன்பின் அவருக்கு மாறுதலாகிவிட்டது. தனிவழி என்ற பெயரில் பெருஞ்சாலையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக்கோடு இழுத்தார்கள். அதன்மேல் சுற்றுலா வேன்கள் நின்றன.

அண்ணி விட்டுவிடவில்லை. என்னை அழைத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் பேருந்து ஏறினார். அங்கே ஓர் அலுவலகத்தில் எழுத்தர் பதிவேடுகளைப் புரட்டிவிட்டு, "பாதைன்னு ஒண்ணு ரெக்கார்டுலயே இல்லையேம்மா" என்றார். இரக்கமாகத்தான் சொன்னார்.

"அப்போ இத்தினி வருசமா நான் எதுமேல போய்கினு இருந்தேன் சார்?" என்று அண்ணி கேட்டார்.

எழுத்தர் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தார்.

பிறகு அவர் பெருஞ்சாலையில் போகத் தொடங்கினார். மழைக்காலம் முடிந்த ஒரு காலை, எதிரில் ஒரு வேனை முந்திக்கொண்டு மாமல்லபுரத்துக்கு விரைந்த கார் ஒன்று அவருடைய சைக்கிளின் கைப்பிடியை உரசிக்கொண்டு போனது. அவர் மண்ணில் விழவில்லை, தாரில் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது; எலும்பு கூடியபோது கை கோணலாகவே கூடியது. சோற்று அண்டாவைத் தூக்கி இறக்க உதவவும், கரண்டியைப் பிடிக்கவும் முடியவில்லை. சைக்கிளில் ஏறவும் மனம் துணியவில்லை. சில மாதம் என் பின்னால் அமர்ந்து போனார். என் ஷிப்டு மாறியதும் அதுவும் நின்றது. அரிசி அறையின் சாவியை அவரே கொண்டுபோய் ஒப்படைத்தார்.

எலும்பு முறிந்ததைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். ஊரின் சொல்லைத்தான் தாங்கமுடியவில்லை. மதில் வந்தபின் எல்லோரும் சாலையில் உயிரைப் பிடித்துக்கொண்டு போகவேண்டியதாயிற்று அல்லவா? ஒருநாள் எங்கள் வாசலில் மீனை நிறுத்துக்கொண்டே மீன்காரர் சொன்னார்: "சும்மா கெடந்த வழி. நீதாம்மா கோடு போட்டுக் காட்டிக் குட்த்த. இப்ப இன்னா ஆச்சு பாரு." அவர் பகையாகச் சொல்லவில்லை, அவருடைய பிள்ளையும் அந்தச் சாலையில்தான் போய்க்கொண்டிருந்தான். அண்ணி மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அன்றிலிருந்து அவர் எந்தக் கூட்டத்திலும், எந்த வீட்டிலும், தம் கருத்து இன்னது என்று சொல்லி நான் கேட்டதில்லை. தாம் பெற்ற பிள்ளைகளின் திருமணப் பேச்சில்கூட, "உங்க இஷ்டம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

இன்று அண்ணி இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தலைக்கவசம் அணிந்து, விலையுயர்ந்த சைக்கிள்களில் சென்னையிலிருந்து கூட்டமாக வருகிறார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் காவலாகக் கார்கள் செல்கின்றன. அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர்களைப் போன்றோருக்காக ஒரு சைக்கிள் பாதை திட்டமிடப்பட்டபோது நடந்த கூட்டம் ஒன்றை என்னால் மறக்கமுடியவில்லை. இரண்டாயிரத்துக்குப் பின் சில ஆண்டுகள் கழித்து, கடலோர விடுதி ஒன்றின் குளிரூட்டிய அறையில் அது நடந்தது. உள்ளூர் மக்களின் கருத்தையும் கேட்கவேண்டும் என்று எங்களையும் அழைத்திருந்தார்கள். வரமாட்டேன் என்ற அண்ணியை நான்தான் வற்புறுத்தி அழைத்துப்போனேன். திரையில் எங்கள் ஊர் வண்ணப்படமாகத் தெரிந்தது. தோப்பு இருந்த இடத்தில் சிவப்புக் கூரைகள் வரிசையாக நின்றன. பணிவும் கனிவும் கொண்ட ஒரு பெண், கையில் மைக்குடன் எங்களருகே வந்து குனிந்தாள்.

"அம்மா, நீங்க தினமும் எந்த வழியா போவீங்க? சும்மா சொல்லுங்க, நாங்க அதை மேப்ல குறிச்சுக்கறோம்."

அண்ணி கோணிய மணிக்கட்டை மறு கையால் பற்றிக்கொண்டு, திரையைப் பார்த்தார்.

"நான் எங்கயும் போறதில்லீங்க" என்றார்.

அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு, மைக்கை அடுத்தவரிடம் நீட்டினாள்.