குடும்பத்தில் வேறு யாருக்காவது?

என் மகள் மாரீஸ்வரி முதன்முதலில் விழுந்தது பள்ளிக்கூடப் பிரார்த்தனையில். எல்லாப் பிள்ளைகளும் கண்ணை மூடி நிற்கும்போது, இவள் சாய்ந்து முன்னால் நின்றவள் மேல் விழுந்திருக்கிறாள். அது இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம். அவளுக்குப் பத்து வயது.

டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். “காலையில பிள்ளைக்குச் சாப்பாடு குடுத்துத்தான் அனுப்புறீகளா?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. திருத்தங்கலில் சொந்தமாக அச்சாபீஸ் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை அவள். “எங்க வீட்ல ஆக்குனது மிஞ்சித்தான் போகும், டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளிலிருந்து இரண்டு இட்லி கூடுதலாக ஊட்டினேன். அவள் விழுவது நிற்கவில்லை.

பிறகு தண்ணீர்க் குடம் நழுவியது. எழுத்து கோணியது. காலை அகட்டி வைத்து, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தாள். கவனம் இல்லை என்று அடித்திருக்கிறேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது அடித்துக்கொண்டிருக்கலாம்.

உள்ளூரில் ஒரு வருஷம் சத்து டானிக் குடித்தாள். அப்புறம்தான் மதுரைக்குக் கூட்டிப்போனோம். நரம்பு டாக்டரம்மா அவளை நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். சாயும்போது தானே பிடித்துக்கொண்டார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவில்லை.

“சொந்தத்துல கல்யாணமா?” என்று கேட்டார்.

“ஆமா, இவுக என் தாய்மாமன். எங்க குடும்பத்துல அசல்ல கொடுத்ததே இல்ல” என்றேன். உறவில்லாத வெளியாட்களை நாங்கள் அசல் என்போம். அதைச் சொல்லும்போது என் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

“குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி நடை தள்ளாடியிருக்கா?”

“இல்லங்க.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள், பேச்சி. நாங்கள் பிறந்த மல்லாங்கிணறு வீட்டில் பன்னிரண்டு வயதுக்கு மேல் அவள் நடக்கவில்லை. பேச்சும் குழறியது. யாராவது வந்தால் பருத்தி மூட்டை அடுக்கிய அறைக்கு அவளைத் தூக்கிப்போய் விடுவார்கள். பத்தொன்பதில் இறந்தாள். காய்ச்சல் என்றுதான் ஊருக்குச் சொன்னோம். அதைச் சொல்லிச் சொல்லிப் பழகியதால் டாக்டரிடம் ‘இல்ல’ என்றபோதும் அது பொய்யாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த தடவையும் கேட்டார். அதே பதில்தான் சொன்னேன். இப்படி ஒரு வருஷம் போயிற்று. மூன்றாவது தடவை என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். “இவ அக்காளுக்கு இருந்துச்சும்மா.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “குடும்பத்துல வர்ற இந்த மாதிரி நோய் இதயத்தையும் பிடிக்கும். முதல்லயே சொல்லியிருந்தா அப்பவே பார்த்திருப்போம்மா” என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றைக்கே எக்கோ (இதயம் வேலை செய்வதைப் படமாகப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். இதயத்தின் சுவர் தடித்திருந்தது. ரத்தம் வெளியூருக்குப் போய் முடிவு வர மாதக்கணக்கானது. நோயின் பெயர் அட்டாக்சியா (கை கால் அசைவுகள் ஒன்றோடொன்று சேராமல் போவது). குணமாக்க மருந்து இல்லை. காரணம் மரபணு (தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் உடம்பின் குறிப்பு). ஒவ்வொரு குறிப்பும் இரண்டு படி இருக்குமாம். ஒன்று பழுதானாலும் ஆள் நன்றாகவே இருப்பார். தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றும் இரண்டுமே பழுதாக வந்தால்தான் நோய்.

எனக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரருக்கு உடனே புரிந்தது. “அச்சாபீஸ்ல ஒரே ஜாப்புக்கு ரெண்டு அச்சுப் பிளேட் வச்சிருக்கோம், சொர்ணம். ஒண்ணு தேஞ்சாலும் இன்னொண்ணுல அடிச்சிருவோம். இவளுக்கு ரெண்டும் தேஞ்சதா வந்துருச்சு.”

திரும்பி வரும் பஸ்ஸில் மாரி தூங்கிவிட்டாள். “எதுக்கு மாமா சொன்னீக?” என்று அவரிடம் கேட்டேன்.

“உன்னைய எனக்கு எதுக்குக் கெட்டி வச்சாகன்னு தெரியுமா?” என்றார். “அசல்லருந்து பொண்ணு பாக்க வந்தா, உள்ள கிடக்கவளையும் பாத்துருவாகன்னுதான். எங்கக்கா அழுதுக்கிட்டே வந்து கேட்டா.”

அவருடைய அக்காள்தான் என் அம்மா. நான் பெருமை என்று சுமந்துகொண்டிருந்தது ஒரு பயம். பருத்தி அறையின் கதவைச் சாத்தியதே என் கல்யாணத்தை நடத்தியது. அந்தக் கல்யாணத்தில் இந்தப் பிள்ளை பிறந்தாள்.

என் மூத்தவன் கணேசனுக்கு என் தம்பி தங்கவேலுவின் மகள் சித்ராவைப் பேசி வைத்திருந்தோம். தை மாதம் கல்யாணம். கணேசனுக்கு ரத்தம் பார்த்ததில் ஒரு படி பழுது என்று வந்தது. சித்ராவுக்கும் அப்படி இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து என்றார் டாக்டர்.

தம்பிக்கு ஆனைக்குட்டம் பக்கம் பட்டாசு கம்பெனி. சீசன் நேரம். லோடு ஏறிக்கொண்டிருந்தது. அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“சித்ராவுக்கு ஒரு ரத்தம் எடுத்துப் பாத்துருவோம், தம்பி.”

“உன் மக நடக்கத் தடுமாறுறாங்கிறதுக்கு என் மக ஊசி குத்திக்கிடணுமோ?”

“பேச்சியக்கா எப்படிச் செத்தான்னு தெரியுமாலே?”

“காய்ச்சல்ல.”

“நீ அப்பக் கைப்பிள்ளை. அவளுக்கும் மாரிக்கும் ஒரே நோவு.”

அவன் முகம் மாறிவிட்டது. லாரிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தான். “இதை வெளிய சொல்லிறாத. என் பிள்ளைய யாரு கெட்டுவா?”

“இப்படிச் சொல்லாம இருந்துதாண்டா என்னைய மாமாவுக்குக் கெட்டிக் கொடுத்தாக.”

“இப்ப என்னத்தச் செய்யச் சொல்லுற?”

“அசல்ல கொடு.”

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வரும் என்று நான் நினைத்ததில்லை.

“பையனுக்கு வேற எடம் வசதியா வந்துருச்சாக்கும்” என்றான். காப்பிகூடக் கேட்கவில்லை. சித்ராவை அசலில்தான் கொடுத்தான். எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. அவள் பிள்ளைகள் நன்றாக இருப்பதாகக் கேள்வி. எனக்கு அது போதும் என்று சொல்லிக்கொள்வேன். சில நாள் போதவில்லை.

மாரி பதினான்கில் சக்கர நாற்காலிக்கு வந்தாள். புத்தியில் ஒரு குறையும் இல்லை. பேச்சு குழறினாலும் கேலிக்குக் குறைவில்லை. “அச்சாபீஸ் மொதலாளி மக, பிளேட்டு சரியில்லாம வெளிய வந்துட்டேன்” என்பாள். யார் வந்தாலும் அவளை முன்கூடத்தில்தான் வைத்திருந்தேன். “பேச்சிப் பெரியம்மா எப்படி இருப்பாக?” என்று ஒருநாள் கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். அக்காவின் முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பதினெட்டு வயதில், ஒரு மாசி மாதம், இதயம் நின்று மாரி போனாள். அந்த ஒரு வருஷத்தை நான் மறைத்து வீணாக்கியிருக்காவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். “அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா” என்றார். டாக்டர் கேட்டால் சொல்லிவிடுங்கள். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. கட்டிலிலிருந்து எழுந்ததும் நடந்துவிட முடிவதில்லை. ஒரு கால் தரையில் பதிந்ததா என்று பார்த்துவிட்டு, அடுத்த கால் வந்து சேரும்வரை நிற்கிறேன். அடுப்படிக்குப் போய்ச் சேருவதற்குள் பாதிக் காலை போய்விடுகிறது. கணேசன் மனைவி அசலிலிருந்து வந்தவள். என் வேகத்துக்குக் கூடவே வருகிறாள். ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை. பத்து வயதிலிருந்து மாரிக்கு நேரம் இப்படித்தான் நகர்ந்திருக்கிறது. அவளிடம் நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை “வெரசா வாடி” என்று சொல்லியிருப்பேன்.