வலது காலுக்கு மட்டும் ஒரு படி

கோவிலூரிலிருந்து காரைக்குடிக்குப் போகும் மெய்யநாதன் செட்டியாரின் பஸ்ஸில் பொன்னழகு ஏறுவதே பெரிய கூத்து. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் அவளுடைய வலது காலைச் சூம்ப வைத்துவிட்டது. பஸ்ஸின் முதல் படியோ முழங்காலுக்கும் மேலே நிற்கும். கண்டக்டர் மருது கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினால்தான் உண்டு. மருது நல்லவன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டேதான் தூக்குவான். பஸ்ஸில் இருக்கிற மற்றவர்கள் எங்கே பார்ப்பார்களாம்? காரைக்குடியில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கும் டீச்சர், தினமும் காலையில் நெல்மூட்டை மாதிரி ஏற்றப்படுவது லேசான காரியமா? உட்கார்ந்து சேலையைச் சரிசெய்யும்போதெல்லாம், இந்த வேலையே வேண்டாம் என்றிருக்கும் அவளுக்கு.

முதலாளியிடம் கேட்காமலும் இல்லை. "கீழ ஒரு படி வச்சுக் குடுங்க முதலாளி, நானே ஏறிக்கிருவேன்" என்று வருசா வருசம் கேட்டாள். "பாப்போம், பாப்போம்" என்பார் மெய்யநாதன். ஒருமுறை, "ஒனக்குத்தான் மருது இருக்கான்ல?" என்று சிரிக்கவும் செய்தார். அதோடு கேட்பதை விட்டாள். வயிற்றெரிச்சலை விடவில்லை.

எழுபத்திரண்டாம் வருசம் முதலாளியின் தாயார் தேனம்மை ஆச்சிக்கு மூட்டுவலி வந்தது. வீட்டில் கார் நின்றாலும், வெள்ளிதோறும் கொப்புடையம்மன் கோவிலுக்கு மகனுடைய பஸ்ஸில் முன் சீட்டில் போவதில்தான் ஆச்சிக்குப் பெருமை. அந்த வெள்ளிக்கிழமை ஏற முடியாமல் "அம்மாடி" என்றார். அடுத்த வெள்ளிக்கு முந்தின ராத்திரியே பஸ்ஸில் புதுப் படி முளைத்துவிட்டது.

கேள்விப்பட்ட பொன்னழகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மாளுக்கு முட்டி நோவு வந்து முழுசாகப் பத்து நாள் ஆகவில்லை, தனக்குக் கால் போய் எத்தனை வருசம்! ஆனாலும் படி படிதானே, இனி யாரும் தன்னைத் தொட்டுத் தூக்க வேண்டாம் என்று ஒரு ஆசையும் எட்டிப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை படிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார்கள். ஆச்சி வலது காலை எடுத்துவைத்து அழகாக ஏறி உட்கார்ந்தார். அடுத்து பொன்னழகு.

"தள்ளிக்க தம்பி, நானே ஏறுறேன்" என்று மருதுவை விலக்கிவிட்டுக் கீழே பார்த்தாள்.

படி ஒரே ஒரு பாதத்தின் அகலம். அதுவும் வாசலின் வலது ஓரத்தில். பிடித்துக்கொள்ளும் கம்பியும் அந்தப் பக்கமே. தன் ஆத்தா வலது காலை வைத்துத்தான் ஏற வேண்டும், பூசை போட்ட படியில் இடது கால் முதலில் படக்கூடாது என்று முதலாளி பட்டறையில் நின்று சொல்லிச் செய்த வேலை அது. இடது காலைக் குறுக்கே கொண்டுபோனாள். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மருதுதான் பிடித்தான். உள்ளே யாரோ சிரித்தார்கள்.

"வலது கால வச்சு ஏறு பொன்னழகு" என்றார் பூசைக்கு வந்து நின்ற முதலாளி.

"அது வெளங்குனா நான் ஏன் இத்தன வருசமா ஒங்ககிட்டப் படி கேக்குறேன்?"

ஆச்சியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்க மேல எனக்குப் பொறாமையா இருக்கு ஆச்சி. நீங்க ஒரு தடவ அம்மாடின்னீக, படி வந்து நின்னுருச்சு."

ஆச்சியின் முகம் சிவந்தது. எழுந்து நாலு வார்த்தை கேட்கப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆச்சி அந்தச் சூம்பிய காலைப் பார்த்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

"மெய்யா, இத அந்தக் கோடி வரைக்கும் அகலமாப் போடு. அங்குட்டும் ஒரு கம்பி வை."

"ஆத்தா, யாராச்சும் இடது கால வச்சு ஏறுனா…"

"அவளுக்கு அதுதான்டா வலது காலு."

மறுவாரமே வாசல் முழுக்க அகலமான படி வந்தது. பொன்னழகு இடது காலை ஊன்றி, கம்பியைப் பிடித்து, தானே ஏறினாள். ஒரு கை அவள் மேல் படவில்லை. ஆச்சி நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தார். உட்கார்ந்தவளுக்குச் சேலையைச் சரிசெய்யும் வேலைகூட இல்லை, அவ்வளவு சந்தோசம்.

பஸ் கிளம்பியது. ஆச்சி மகனிடம் ஜன்னல் வழியாக ஏதோ சொல்ல, அவர் தலையாட்டிக்கொண்டே கூட நடந்தார். பொன்னழகு ஆச்சியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முட்டியின் மேல் இருந்த பொறாமை போய்விட்டது. இப்போது அந்த வாயின் மேல் வந்திருந்தது.