வேலியோர இருமல்

தினமும் அந்தியில், மஃரிபு பாங்குக்குச் சற்று முன் சபூறா ராத்தா வேலியோரம் வந்து நின்று இருமுகிறார். சளியுமில்லை, காய்ச்சலுமில்லை. முதலில் ஒரு வறட்டு இருமல். பிறகு நெஞ்சுக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டு இன்னொன்று. கடைசியில் மூச்சு வாங்கல். முடிந்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "கோழியெல்லாம் அடைஞ்சிட்டா புள்ள?" என்று என்னிடம் சாதாரணமாகக் கேட்பார். அடுத்த வீட்டுக்காரியான எனக்குத் தெரியும். அது அவருடைய இருமலே இல்லை.

கல்முனையில் எங்கள் தெருவுக்கே இடியப்பம் அவிப்பவர் அவர். கை பிழியும், வாய் தீர்ப்புச் சொல்லும். யாருக்கு மூக்கு ஒழுகினாலும் கொத்தமல்லி அவித்த தண்ணீரோடு வந்து நிற்பார். "இது வெறும் தடிமல்தான். மழ வந்தா வரும், வெயில் வந்தா போகும்." அவரோடு கதைத்து வென்றவர்கள் இந்தத் தெருவில் கிடையாது. நானும் தோற்றவள்தான்.

கொரோனாவின் முதல் வருடம், அதில் இறந்தவர்களை அடக்க விடாமல் அரசாங்கம் எரித்துக்கொண்டிருந்த காலம், அவருடைய தங்கை மர்ஷூதா ராத்தா வீட்டு ஓரத்து அறையில் காய்ச்சலோடு படுத்தார். காரைதீவிலிருந்து வரும் ஆஸ்பத்திரி மிஸி கேசினி கேற்றடியில் நின்றே விளக்கினார். "தடிமல் காய்ச்சல் வருசா வருசம் வாறது சபூறாக்கா, உடம்புக்கு அதத் தெரியும். இது புதுசு, ஒருத்தர்ர உடம்புக்கும் தெரியாது. இதில சாகிறவங்க அதவிடக் கூட. மூச்சு வாங்கினா உடனே ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்க." ராத்தா "ஓம், ஓம்" என்றார். அவர் காதில் ஏறிய வித்தியாசம் ஒன்றுதான்: தடிமலில் மௌத்தானால் மண், மற்றதில் நெருப்பு.

அறை ஜன்னலை இறுக அடைத்தார். உள்ளே மர்ஷூதா இருமும்போதெல்லாம் முற்றத்துக்கு வந்து, அதே இழுப்போடு, அதைவிட உரத்து இருமினார். "அடுப்புப் புகை புள்ள, இருமாம என்ன செய்ற?" நாங்களும் நம்பினோம். உள்ளே இருமல் நின்றுபோன பின்னேரத்திலும் வெளியே அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

காய்ச்சல் மௌத்து என்று மர்ஷூதாவை ஊர் மையவாடியிலேயே அடக்கினார்கள். "மண் கிடைச்சிட்டு," என்று பிறகொரு நாள் மாவைப் பிழிந்துகொண்டே சொன்னார். "மூச்சுத்தான் கிடைக்கல்ல. நான்தானே மறிச்சன்." அடுத்த தட்டை எடுத்து நீட்டினேன்.

இந்த மாரியிலும் ஊரில் ஒரு காய்ச்சல். புதுசாம் என்கிறார்கள் சிலர், தடிமல்தான் என்கிறார்கள் சிலர். ராத்தா மட்டும் இம்முறை தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. மர்ஷூதாவின் மகள் றஸ்னா அதே ஓரத்து அறையில் படுத்திருக்கிறாள்.

நேற்றுப் பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம். கேசினியின் ஸ்கூட்டி தெருவுக்குள் திரும்பும் சத்தம் கேட்டது. உள்ளே றஸ்னா இருமினாள். வறட்டு இருமல், இழுப்பு, மூச்சு வாங்கல். இத்தனை வருடமும் வேலியோரம் நான் கேட்டுவந்த அதே இருமல். ராத்தா பழக்கத்தில் முற்றத்துக்கு ஓடிவந்தார். வாயும் திறந்துவிட்டது. கண் கேசினி வரும் கேற்றைப் பார்த்தது.

முக்காட்டு நுனியைச் சுருட்டித் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டு, அந்த ஜன்னலின் இரண்டு கதவுகளையும் தெருவுக்குக் கேட்க விரியத் திறந்தார்.