இசைக்கிற வில்

வள்ளித்தாய் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் புரூப் பார்க்கிறவர். எத்தனையோ பட்டாசு லேபிள்களின் மானத்தைக் காப்பாற்றியவர். ஆனால் போன சீசன் வரை அவர் பெயர் ஒருநாளும் அச்சில் வந்ததில்லை.

போன சீசனில் ஒரு இசைப் பள்ளி காலண்டருக்கு ஆர்டர் கொடுத்தது. முதல் தாளில் ராவணஹஸ்தம். கொட்டாங்குச்சியில் மூங்கிலைச் செருகி, குதிரைமயிர் கட்டிய வில்லால் தேய்த்து வாசிக்கிற பழைய கருவி. வயலினுக்கே இதுதான் மூதாதை என்று சொல்கிறவர்கள் உண்டு. படத்தில் கருவி இருந்தது, வில்லைக் காணோம். ஏதோ குச்சி என்று நினைத்து டிசைனர் புகழேந்தி அதை அழித்திருந்தான்.

"வில் எங்கே?" என்று வள்ளித்தாய் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார். அடுத்த புரூப்பில் அம்பு பூட்டிய வில் வந்தது.

"ராவணன்னா வில்லும் அம்பும் வேணும்லக்கா?"

"ஏலே, எய்யிற வில்லு இல்லலே, இசைக்கிற வில்லு!"

உடனே அவன் வில்லுப்பாட்டுக்காரர்கள் கோலால் அடிக்கிற, மணி கட்டிய வில்லைக் கொண்டுவந்து போட்டான். வள்ளித்தாய் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனார். அதை அவர் மேஜையில் எறிந்தார்.

"ராவணன் பாத்தா பத்துத் தலையிலயும் அடிச்சுக்கிடுவான், முதலாளி!"

"லோடு ஏத்தணும்மா. செவுத்துல மாட்டுறவன் தேதியத்தான் பாப்பான்" என்றார் அவர், செல்போனிலிருந்து நிமிராமலே.

காலண்டர் அப்படியே அச்சாகிப் போய்விட்டது. வேலை பார்த்தவர்களின் பெயரையும் போடச் சொல்லிப் பள்ளிக்காரர்கள் ஆசையாகக் கேட்டிருந்தார்கள். மணி தொங்குகிற அந்த வில்லுக்கு நேர் கீழே, ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லாமல் இருந்தது: 'பிழை திருத்தியவர்: வள்ளித்தாய்'.