ஐஸ் பெட்டிக்குள் பத்து நிமிடம்

கிளவுஸ் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஒன்பது வருடமாக ஸ்டோர் என் பொறுப்பு. வெல்டிங்குக்கு ஒரு ரகம், தகடு வெட்டுவதற்கு ஒரு ரகம் என்று எத்தனையோ ஜோடிகள் என் கைவழியாகப் போயிருக்கின்றன. அதனால் காஷ்மீருக்குப் போய் ஸ்னோபோர்டு பழகலாம் என்று என் கணவர் சொன்னதும், கிளவுஸ் வாங்குவது என் வேலை என்று சொல்லிவிட்டேன்.

அவர் ஞாயிறு தவறாமல் கோவளத்தில் சர்ஃபிங் போகிறவர். அலைமேல் பலகையில் நிற்பதுபோல் பனியிலும் ஒருமுறை நின்று சறுக்கிப் பார்த்துவிட வேண்டுமாம். ஆனால் பிரஸ் மெஷினில் நசுங்கி, தைத்துக் காப்பாற்றிய இரண்டு விரல்கள் அவர் வலது கையில் இருக்கின்றன. அதில் குளிர் ஏறினால் மறுபடி காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். வெளியில் வீறாப்பாகப் பேசினாலும் எனக்கு உள்ளுக்குள் உதறல்தான்.

மூன்று கடை ஏறி இறங்கினேன். உள்ளங்கையில் தோல், விரல் இடுக்கில் இரட்டைத் தையல், தண்ணீர் இறங்காத துணி. தையலை இழுத்து இழுத்துப் பார்த்தேன். கடைக்காரர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும். அளவில் மட்டும் கம்பெனிப் பழக்கம். தொளதொளவென்று இருந்தால் மெஷின் இழுத்துவிடும் என்று கையோடு ஒட்டிப் பிடிப்பதாக எடுத்தேன்.

சோதிக்காமல் விடுவேனா? மாமல்லபுரத்தில் மீன் விற்கும் என் பள்ளித்தோழியின் ஐஸ் பெட்டிக்குள், கிளவுஸோடு அவர் கையைப் பத்து நிமிடம் வைக்கச் சொன்னேன். நன்றாகத்தான் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே நின்றார். எனக்கு ஒரே பெருமை. தோழிதான் கிளவுஸை உருவினாள். தைத்த விரல்கள் இரண்டும் வெளிறிக் கிடந்தன.

"இத்தினி டைட்டா போட்டா ரத்தம் எப்டிடீ ஓடும்? உள்ள கொஞ்சம் காத்து நிக்கணும்," என்றாள், நாளெல்லாம் ஐஸில் கைவிடுகிறவள்.

எனக்கு வந்த கோபம் அவர்மேல் பாய்ந்தது. மரத்துப்போனால் வாயைத் திறந்து சொல்லக்கூடாதா என்று கத்தினேன்.

"நீ பாத்து பாத்து எடுத்துகினு வந்தது. எப்டி சொல்றது?" என்றார்.

சுருக்கென்று இருந்தது. விரலே போனாலும் இவளிடம் குறை சொல்லக்கூடாது என்று நின்றிருக்கிறாரே மனுஷன். நான் என் தப்பை ஒத்துக்கொள்கிற ஆள் இல்லைதான். ஆனாலும் அன்றே கடைக்குப் போய், விரல் நுனியில் இடம் விட்டு மணிக்கட்டைத் தாண்டி மூடும் பெரிய அளவாக மாற்றினேன். மறுபடி ஐஸ் பெட்டி. இந்த முறை நானே உருவித் தொட்டுப் பார்த்தேன். சூடு குறையவில்லை.

காஷ்மீர் பனியில் முதல் நாள் அவர் விழுந்ததற்குக் கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் கையை ஊன்றித்தான் எழுந்தார். கிளவுஸில் தையல் ஒன்றுகூட விடவில்லை. அதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. மதியம் கிளவுஸைக் கழற்றச் சொல்லி அந்த இரண்டு விரல்களையும் பிடித்தேன். கதகதவென்று இருந்தன. இருந்தும், நிஜத்தைச் சொல்லு என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "கட்டவெரலு மட்டும் சில்லுனு கீது," என்றார்.

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில், நான் வாங்கித் தந்த ஒரு பொருளில் அவர் வாய்விட்டுச் சொன்ன முதல் குறை அது. அத்தனை பேர் பார்க்க அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.