கக்கத்தில் வரைந்த துண்டு

தேர்தல் நேரத்திலும் எங்கள் நாளிதழின் கிராமப் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கே முடிந்துவிடும். அன்றைக்கு ஃபைலை பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு டீயைக் கையில் எடுத்தேன். பக்கம் வடிவமைக்கும் செல்வி வந்து எதிரே நின்றார். அவருக்கு ஊர் பண்டசோழநல்லூர்.

"இன்னா சார் இது, இவுருக்கு மட்டும் துண்டு கக்கத்துல?"

செய்தி சாதாரணமானது. இரண்டு வேட்பாளர்கள், ஒரே நாளில், ஒரே அதிகாரியிடம் ஏரி வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி மனு கொடுத்தார்கள். பக்கத்தில் என் கார்ட்டூன். ஒருவர் நிலபுலன் உள்ள வீட்டுக்காரர். அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தோளில் துண்டு போட்டிருந்தேன். இன்னொருவர் கரும்பு வெட்டும் கூலிக் குடும்பத்துப் பிள்ளை. அவரைக் குனிய வைத்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தேன்.

"கிராமத்து ஆள்னு தெரியணுமில்ல செல்வி?"

"அவுரும் கிராமத்து ஆளுதானே சார்? இவுரு துண்டே போட மாட்டாரு. எப்பவும் பேண்ட் சட்டைதான். ரிப்போர்ட்டர் போட்டோ அனுப்பிச்சாரே, பாக்கலியா?"

பார்க்கவில்லை. வில்லியனூர் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் கூலிக்காரர்கள் அப்படி நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். யோசிக்காமலே கை அப்படி வரைந்துவிட்டது. முதலில் செல்வி மேல்தான் கோபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். போட்டோவைத் திறந்து பார்த்தேன். பேண்ட் சட்டையில் நிமிர்ந்து நின்றிருந்தார். விடிந்தால் அந்த மனிதர் நான் வரைந்த கோலத்தில் ஊர் ஊராகப் போயிருப்பார்.

பிரஸ்ஸுக்குப் போன் போட்டேன்.

"பிளேட்டு அடிச்சாச்சு சார், மெஷின்ல ஏத்தப் போறோம்" என்றார் ஃபோர்மேன்.

"ஏத்தாதீங்க. வேற ஃபைல் வருது."

"இருபது நிமிஷம்தான் சார், அதுக்கு மேல தாங்காது."

துண்டை அழித்தேன். முதுகு வளைந்தே இருந்தது. நிமிர்த்தினேன். கை இன்னும் கும்பிட்டுக்கொண்டிருந்தது. அதையும் இறக்கி, பேண்ட் மாட்டி, மனுவைக் கையில் கொடுத்தேன். பார்த்தால் உட்கார்ந்திருந்தவர் தலை இவருடையதைப் போல ஒன்றரை மடங்கு. அந்தத் தலையைச் சுருக்கி, நாற்காலியை எடுத்துவிட்டு இருவரையும் சமமாக நிற்க வைத்தேன். ஃபைல் போய்ச் சேர்ந்தது என்று ஃபோர்மேன் சொன்னதும்தான் மூச்சு வந்தது. அப்பாடா, பிழைத்தோம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். செய்தியில் ஒரு வார்த்தை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் சப் எடிட்டர் பிடித்துவிடுவார். படத்தை யாரும் எடிட் செய்வதில்லை. படிக்காதவரும் பார்ப்பது அதைத்தான். அதனால் போட்டோவைப் பக்கத்தில் வைக்காமல் கோடு போடாதீர்கள். முடித்ததும், உங்கள் தெருவில் பிறக்காத ஒருவரிடம் காட்டுங்கள்.

மறுநாள் அந்த வேட்பாளரே போன் செய்தார்.

"சார், படம் நல்லா இருக்குது. எங்கப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேப்பர மடிச்சு சட்டப் பையில வெச்சிக்கினு, மதகடிப்பட்டு கடத்தெருவுல எல்லார்கிட்டயும் 'என் புள்ள எப்படி நிக்கறான் பாரு'ன்னு காட்டிக்கினு இருக்காரு."

அன்றைய பேப்பரை மேஜையில் விரித்து அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன்.

"சார்? லைன்ல கீறீங்களா?"

"இருக்கேன், சொல்லுங்க" என்றேன்.