மண்டிக் கேமராவில் கௌதமன்

கணபதிப் பகுதியில் கிரைண்டர் மோட்டாருக்குச் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பட்டறை ஒன்றில் கிருபா வேலை பார்த்தாள். அப்பாவும் அம்மாவும் அன்னூர்ப் பக்கம் தோட்டங்களில் கூலி வேலை செய்தே காலத்தைக் கழித்துப் போய்ச் சேர்ந்தவர்கள். அவர்கள் அவள் பொறுப்பில் விட்டுப் போனது தம்பி கௌதமனை. அவனுக்கு இருபத்தாறு வயது. முகத்தில் தாடி அடர்ந்திருந்தாலும் சட்டைப் பொத்தானை அக்காதான் போட்டுவிட வேண்டும். பேச்சும் அதிகம் கிடையாது. பேரைக் கேட்டால் சிரிப்பான். வலிப்பு உண்டு, இரண்டு வேளையும் மாத்திரை போட்டால் அடங்கியிருக்கும்.

கிருபாவைப் பெண் கேட்டு வந்தவர்கள் தம்பியை ஏதாவது ஹோமில் சேர்க்கச் சொன்னார்கள். அவள் கல்யாணப் பேச்சையே விட்டுவிட்டாள்.

மேட்டுப்பாளையத்தில் சித்தி மகளுக்குக் கல்யாணம். மத்தியானச் சாப்பாடு முடிந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏற வரும்போதுதான், மாத்திரை அட்டை காலியாகிவிட்டது கிருபாவுக்கு நினைவு வந்தது. மருந்துக்கடையில் நல்ல கூட்டம். கௌதமனுக்குக் கூட்டம் ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். எதிர்ச்சாரியில் பூட்டிக் கிடந்த பாக்கு மண்டி வாசலில் அவனை நிறுத்தினாள்.

“இங்கயே நில்லு கண்ணு. மாத்திரை வாங்கிட்டு வாரேன்.”

அவள் திரும்பி வந்தபோது அவன் அங்கே இல்லை.

அன்றே போலீசில் எழுதிக் கொடுத்தாள். அவர்களும் போட்டோவை வாங்கிக்கொண்டு பல பக்கம் சொல்லிவிட்டார்கள். அவளோ பவானி ஆற்றுப் படித்துறை, ரயில் நிலையம், ஊட்டி ரோடு, கோயில் அன்னதானப் பந்தி என்று ஒரு இடம் விடாமல் அலைந்தாள். வாங்கிய மாத்திரை பையிலேயே கிடந்தது. மாத்திரை இல்லாமல் அவன் எத்தனை நாள் தாங்குவான்?

இரண்டாம் நாள்தான் மண்டி வாசலுக்கு மேலே ஒரு கேமரா இருப்பதைப் பார்த்தாள். போலீஸ்காரர்கள் அதை முன்பே கவனித்திருந்தார்கள். ஆனால் முதலாளி அப்துல் முத்தலிப் மூத்த மகளின் பிரசவத்துக்காக, போனை அணைத்துவிட்டு, குடும்பத்தோடு பாலக்காட்டில் இருந்தார். அதிலிருந்து தினமும் காலையில் கிருபா அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். அடுத்த வாரம், அவன் காணாமல் போன அதே வியாழக்கிழமைதான் கதவு திறந்தது.

அவள் சொன்னதைக் கேட்ட முத்தலிப் பதறிப்போனார். “உள்ள வாங்கம்மா. அஃப்தாப், அந்தக் கம்ப்யூட்டரப் போடு.”

மகன் அஃப்தாப் மண்டிக் கணக்கைப் பார்த்துக்கொள்பவன். போனில் பார்த்தால் அப்போது நடப்பது மட்டும்தான் தெரிந்தது. பழைய பதிவு பரணில் இருந்த பெட்டியில் இருந்தது. அந்தப் பெட்டியில் டிவி வயரைச் சொருகும் இடம் போன மழையில் இடி விழுந்து கருகிவிட்டதால், கம்ப்யூட்டரில் அதற்கென்று உள்ள வலைப்பக்கத்தைத் திறந்துதான் பார்க்க முடியும்.

“பதிவு ஏழு நாள்தானுங்கக்கா நிக்கும்,” என்றான் அஃப்தாப் தயங்கியபடி. “அதுக்கு மேல தானா அழிஞ்சுக்கும்.”

“அவன் காணாமப் போனது போன வியாழக்கிழமை மத்தியானமுங்க, தம்பி.”

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அவசரமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

வலைப்பக்கம் திறந்தது. பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் படம் வர வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம்தான் இருந்தது. ப்ளக்-இன் என்ற துணை மென்பொருள் தேவை என்று அதற்குள் எழுதியிருந்தது. அதை அழுத்தினால் எங்கேயோ போய் வெறும் பக்கம் ஒன்றில் நின்றது.

“போன மாசம்தானுங்க புதுக் கம்ப்யூட்டர் வாங்குனோம். பழசுல ஓடுச்சு,” என்றார் முத்தலிப்.

கேமரா மாட்டிக் கொடுத்தவரை அஃப்தாப் போனில் கூப்பிட்டான். அவர் கோத்தகிரியில் வேலையில் இருந்தார். பாதிப் பேச்சில் சிக்னல் அறுந்தது. மறுபடி கிடைத்தபோது கிருபா போனைக் கிட்டத்தட்டப் பிடுங்கிவிட்டாள்.

“ஏனுங்க, எந்தம்பி அதுலதான் இருக்கறானுங்க. எப்படித் தொறக்கறதுன்னு சொல்லுங்க. நீங்க சொல்லச் சொல்ல செய்யறோமுங்க.”

“அழாதீங்கம்மணி. புது ப்ரவுசர்ல அது ஓடாதுங்க. செட்டிங்ஸ்ல, பழைய முறையில தொறக்கறதுக்கு ஒரு வசதி இருக்குது. அதுல அந்த அட்ரஸச் சேத்துங்க. ப்ளக்-இன்ன நான் வாட்ஸ்அப்புல அனுப்பி உடறேன்.”

“பொட்டிய அணைச்சு வெச்சா அழியாம இருக்குமுங்களா?”

“மறுபடி போட்டதும் தேதியப் பாத்து அழிச்சுப்போடுமுங்க. இப்பவே பாத்துப்போடறதுதான்...” மீண்டும் சிக்னல் போய்விட்டது.

செட்டிங்ஸில் அந்த வசதியைக் கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆனது. அட்ரஸை ஒரு எழுத்து மாற்றி அடித்துவிட்டு, வரவில்லையே என்று அஃப்தாப் தலையில் கைவைத்தான். கிருபாதான் எழுத்து எழுத்தாக வாசித்துச் சரிபார்த்தாள். ப்ளக்-இன் வந்து இறங்கியது. திறப்பதற்குள் கம்ப்யூட்டரில் இருந்த ஆன்டிவைரஸ் அதை ஆபத்தான ஃபைல் என்று அழித்தது. இரண்டாவது முறையும் அழித்தது. வெளியே பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. முத்தலிப் எழுந்து போனவர், வாசலில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்து அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“அணைச்சுப்போடு அந்த ஆன்டிவைரஸ. கெட்டுப் போனா போகட்டும்.”

அணைத்துவிட்டு மூன்றாவது முறை ஏற்றினார்கள். பக்கத்தைத் திறந்தால் அதே சாம்பல் கட்டம். கிருபா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “ஆண்டவரே, ஆண்டவரே” என்று முனகினாள். அஃப்தாப் எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கம்ப்யூட்டரையே அணைத்துத் திரும்பப் போட்டான். இந்த முறை மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்து, ப்ளக்-இன்னை அனுமதிக்கலாமா என்று கேட்டது. அவன் அழுத்தினான்.

கட்டத்துக்குள் தெரு தெரிந்தது. வெயில், வாழைத்தார் வண்டி, ஆட்கள் எல்லாம் தெரிந்தன. போன வியாழக்கிழமையைத் தேடிப் பிடித்தபோது அந்த நாளின் காலைப் பகுதி ஏற்கெனவே அழிந்திருந்தது. மத்தியானம் மட்டும் மிச்சமிருந்தது.

கௌதமன் நின்றுகொண்டிருந்தான். அவள் போன திசையையே பார்த்தபடி, கைகளை இரண்டு பக்கமும் ஒட்டவைத்து நின்றான். ஒருமுறைகூட நகரவில்லை. பிறகு பக்கத்துக் காய்கறிக் கடைக்கு வந்த லாரியைப் பின்னால் எடுத்தார்கள். சுமைதூக்குபவர் ஒருவர் அவனை ஒதுங்கச் சொல்லிக் கைகாட்டினார். அவன் லாரிக்கு அந்தப் பக்கமாக ஒதுங்கினான்.

அடுத்து படத்தில் வந்தது அவளே. கதவைப் பார்த்தாள், சுற்றிலும் பார்த்தாள், எதிர்த் திசையில் ஓடினாள். லாரிக்கு அந்தப் பக்கம் அவன் நின்றிருந்தது மேலிருந்த கேமராவுக்குத்தான் தெரிந்தது.

“அய்யோ, அங்கதானே நிக்கறான்! அங்கதானே!” கிருபா திரையைக் கையால் அடித்தாள்.

அவன் வெளியே வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். அவளைப் போலவே பச்சைச் சேலை கட்டிய யாரோ ஒருத்தி ரோட்டைக் கடந்தாள். அவன் அந்தச் சேலைக்குப் பின்னாலேயே போய், அவள் ஏறிய பஸ்ஸில் ஏறினான். பஸ் திரும்பும்போது முன்பலகை தெரிந்தது: சத்தியமங்கலம். அஃப்தாப் அந்தப் பகுதியைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டான். சற்றுநேரத்தில் அந்த மத்தியானப் பகுதியும் பட்டியலில் இல்லாமல் போனது.

பஸ் ஸ்டாண்டில் முத்தலிப்புக்குத் தெரிந்தவர்கள் மூலம் அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் திருமலைசாமி போனில் கிடைத்தார்.

“பவானிசாகர்ல எறங்குனாப்லீங்க. பச்சச் சேல கட்டுன அம்மா டிக்கெட் எடுத்துச்சு, ஒண்ணா வந்தவங்க, ரெண்டு பேருக்கும் சேத்து எடுத்துட்டாங்கன்னு நெனச்சுப்போட்டேன்.”

போலீசுக்குச் சொல்லிவிட்டு, முத்தலிப் தன் காரிலேயே அவளை அழைத்துப் போனார். சிறுமுகை தாண்டிக் காடு தெரியத் தொடங்கியதும் கிருபா கண்களை மூடிக்கொண்டாள். யானை நடமாடும் பக்கம் அது. பவானிசாகரில் மீன் பொரிக்கும் கடையில் போட்டோவைக் காட்டினார்கள். கடைக்கார அம்மாள் உற்றுப் பார்த்தாள்.

“இந்தப் பையனா? மறுநாளே இழுப்பு வந்து ரோட்டுல விழுந்துட்டானுங்க. நாங்கதான் ஆம்புலன்ஸ்ல சத்திக்கு ஏத்தி உட்டோம். உசுரு இருந்துச்சுங்க, அம்மணி.”

சத்தியமங்கலம் ஆஸ்பத்திரியில் பேர் தெரியாதவர் என்று கட்டிலில் எழுதியிருந்தது. அவன் முகம் வீங்கியிருந்தது, தையல் போடுவதற்காகத் தாடியை மழித்திருந்தார்கள். எந்தப் போட்டோவோடும் பொருந்தாத முகம். கிருபாவே கால் விரல்களைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டாள். அவன் கையைப் பிடித்தாள். அவன் கண் திறந்து அவளைப் பார்த்துவிட்டு, யாரையோ பார்த்தது போலக் கூரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வலிப்பு அடுத்தடுத்து வந்ததில் மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார் டாக்டர். நடப்பான், ஆனால் முன்போல இருப்பான் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். முத்தலிப் வராந்தாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

இப்போது கௌதமன் வீட்டில் இருக்கிறான். வலது காலை இழுத்து நடக்கிறான். இருந்த கொஞ்சம் பேச்சும் போய்விட்டது. பட்டறை முதலாளி காயில் சுற்றும் வேலையைக் கிருபாவின் வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறார். சாயங்காலம் கம்பியைக் கீழே வைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்து, “அக்கான்னு சொல்லு கண்ணு” என்று கேட்கிறாள். அவன் உதடு அசைகிறது. இதுவரை சத்தம் வரவில்லை.